சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்



உங்கள் வீட்டில் மாத்திரைகள் எங்கே இருக்கின்றன? பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். இல்லையென்றால் சமையற்கட்டு ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்கும். போன தீபாவளிக்கு முன் கிளினிக்கில் கொடுத்தது, மகன் ஜொகூர் பாருவிலிருந்து வாங்கி வந்தது, ஊருக்கு வந்த மாமியார் விட்டுச் சென்றது என்று எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். வலி என்று வந்தால் கை அங்கேதான் போகும். அந்தப் பையை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

நான் கோத்தா திங்கி வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வைத்தியம் படித்தவள் அல்லள். கையில் இருப்பது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான். ஆனால் தோட்டத்தில் டீச்சர் என்றால் பாடம் நடத்துவதோடு வேலை முடிந்துவிடுமா? வங்கிக் கடிதம் படிக்க வேண்டும், பாரம் எழுதித் தர வேண்டும், மருந்து அட்டையில் உள்ளதைப் படித்துச் சொல்ல வேண்டும். அட்டையில் மலாயும் ஆங்கிலமும் இருக்கும். தமிழ் மட்டும் படித்த பாட்டிமார்கள், "டீச்சர், இதுல என்னா போட்டிருக்கு?" என்று நீட்டுவார்கள். அப்படிப் படித்துச் சொல்லப் போய்த்தான், தெரியாததைப் பட்டணத்து மருந்தாளரிடம் கேட்டும் புத்தகங்களில் தேடியும் தெரிந்துகொண்டேன்.

வலியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பால்மரம் வெட்டிய காலத்தில் விடியற்காலை இருட்டில் குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று. செம்பனை வந்தபின் தோளும் கழுத்தும் போகின்றன. நீண்ட கழியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்து இழுத்து, விழும் குலையைத் தூக்கிச் சாலையோரம் போட வேண்டும். ஒரு குலை 15, 20 கிலோ இருக்கும். உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கு முழங்கால்தான் முதலில் சொல்லும். நாள் கூலிக்காரருக்கு வலி வந்தால் ஓய்வு என்பது சம்பளம் இல்லாத ஓய்வு. ஆகவே மாத்திரை போட்டுக்கொண்டு பிரட்டுக்குப் போகிறார்கள். இதை நான் குறை சொல்லவில்லை. மாத்திரையே தின்னாதே என்று தோட்டத்து மனிதனிடம் சொல்வது, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் சொல்லும் புத்தி.

நான் சொல்ல வருவது வேறு. எந்த மாத்திரையைத் தின்கிறோம் என்று அதன் பெயரைத் தெரிந்துகொண்டு தின்ன வேண்டும். நம்மவர்கள் நிறத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள். "அந்த ரோஸ் கலர்", "அந்தச் சின்ன மஞ்சள்" என்கிறார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைச் சொல்கிறார்கள். அந்தப் பெரிய எழுத்து கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர் என்று இருப்பதில்லையா, அதுபோலத்தான். பத்திரத்துப் பெயர் ஒன்றுதான்; செல்லப் பெயர் வீட்டுக்கு வீடு மாறும்.

வோல்டரன் என்ற மாத்திரையின் பத்திரத்துப் பெயர் டைக்ளோஃபெனாக். கட்டாஃப்லாம் என்று வேறு அட்டையில் வருவதும் டைக்ளோஃபெனாக்தான். பொன்ஸ்டான் என்பது மெஃபெனாமிக் அமிலம். புருஃபென் என்பது இபுபுரோஃபென். சின்ஃப்லெக்ஸ் என்பது நேப்ராக்சென். ஆர்கோக்சியா என்பது எட்டோரிகாக்சிப். இதயத்துக்காகத் தினம் ஒன்று என்று கொடுக்கிறார்களே கார்டிப்ரின், அது ஆஸ்பிரின். இவை அனைத்தும் ஒரே குடும்பம். வலியையும் வீக்கத்தையும் சேர்த்துக் குறைப்பவை. இந்தக் குடும்பத்தில் ஒருவர் வயிற்றுக்குள் இருக்கும்போது, வலி என்று இன்னொருவரைக் கூப்பிடக் கூடாது. கார்டிப்ரின் சாப்பிடுகிறவர்கள் அதை விட்டுவிடவும் கூடாது. வலி மருந்து வேண்டும் என்றால் டாக்டரைக் கேட்ட பிறகே சேர்க்க வேண்டும்.

பனடோல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. அதன் பெயர் பாராசிட்டமால். உபாமோல் என்று வருவதும் அதுவே. வலியையும் காய்ச்சலையும் தணிக்கும். வீக்கத்துக்கு அவ்வளவாகப் பயன்படாது. வயிற்றைப் புண்ணாக்குவது மிகக் குறைவு. ஆனால் பெரியவர்கள் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக் கூடாது; போனால் ஈரல் கெடும். சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்து மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1897இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியில் ஆஸ்பிரினைச் செய்து, 1899 முதல் அந்தப் பெயரில் விற்றார்கள். உலகமே தின்றது. 1971இல்தான் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி காரணத்தைக் கண்டுபிடித்தார். அதற்காக 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்றொரு பொருள் சுரக்கிறது. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் எழுப்புவது அதுதான். இந்த மாத்திரை அதைச் சுரக்கவிடாமல் தடுக்கிறது, வலி அடங்குகிறது.

இதில் ஒரு சிக்கல். லயத்துத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே குழாய்தான் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஆயாக் கொட்டகைக்கும் போகிறது. மேல் லயத்தில் ஒழுகுகிறது என்று தலைக்குழாயை அடைத்தால் மற்ற இடங்களிலும் தண்ணீர் நின்றுவிடும் அல்லவா? முழங்காலில் வலி எழுப்பும் அதே பொருள்தான், வயிற்றில் அமிலம் குடலை அரிக்காமல் வழவழப்பான பூச்சைக் காக்கிறது. சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் வழியைத் திறந்து வைக்கிறது. மாத்திரைக்கு முழங்கால் எது, வயிறு எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் அடைக்கும்.

பலன் எவ்வளவு என்று கேட்பீர்கள். நல்ல பலன் உண்டு. அதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் வலிக்கு 400 மில்லிகிராம் இபுபுரோஃபென் ஒருமுறை கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளைக் கூட்டிப் பார்த்தால், நூற்றில் ஏறக்குறைய 54 பேருக்கு வலி பாதியாவது குறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை தின்றவர்களில் 14 பேருக்குத்தான் குறைந்தது. பல் வலிக்கும் சுளுக்குக்கும் இவை நன்றாகவே கேட்கும். மாதவிலக்கு நாளில் சுருண்டு படுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இரண்டு மூன்று நாள் கொடுத்தால் பெரும்பாலும் நல்ல குணம் தெரியும். அந்த வலியை உண்டாக்குவதே புரோஸ்டாகிளாண்டின்தான். "பொம்பளைப் புள்ளைன்னா பொறுத்துக்கணும்" என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போட வைக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகள் மட்டும் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. 20 வாரத்துக்கு மேல் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது.

ஆனால் இடுப்பு வலி? நம் தோட்டத்தில் அதிக மாத்திரை செலவாவது அதற்குத்தான். அதற்கோ பலன் கொஞ்சம். திடீரென்று பிடித்துக்கொண்ட இடுப்பு வலிக்கு இம்மருந்துகள் எவ்வளவு கேட்கின்றன என்று 2020இல் ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வலியை 100 பங்காக வைத்தால், வெறும் மாத்திரையைவிட ஏழு பங்குதான் கூடுதலாகக் குறைந்தது. பாராசிட்டமாலை 2014இல் ஆஸ்திரேலியாவில் 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்ததில், இடுப்பு வலி தீரும் நாள் ஒன்றுகூடக் குறையவில்லை. பெரும்பாலான இடுப்புப் பிடிப்பு சில வாரங்களில் தானாகவே விடும். படுத்தே கிடக்காமல் நடமாடினால் விரைவாக விடும். நாம் என்ன செய்கிறோம்? மூன்று நாளில் விடவில்லை என்று ஒன்றை இரண்டாக்குகிறோம், இரண்டை மூன்றாக்குகிறோம். பலன் ஓர் அளவோடு நின்றுவிடும். கெடுதல்தான் ஏறிக்கொண்டே போகும்.

எங்கள் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்கா இருக்கிறார். வயது 56. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, பிரட்டுக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள் எனக்குப் போன் செய்தாள். "டீச்சர், அம்மா என்னென்ன மருந்து சாப்புடுறாங்கன்னு டாக்டர் கேக்குறாரு. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. நீங்க போயி பாத்துச் சொல்ல முடியுமா?"

போனேன். பையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் படித்தேன். முழங்காலுக்காக ஒரு கிளினிக்கில் வாங்கிய அட்டை ஒன்று: வோல்டரன், நாளைக்கு மூன்று. மருமகன் வேறிடத்தில் வாங்கித் தந்த அட்டை இன்னொன்று: கட்டாஃப்லாம், நாளைக்கு இரண்டு. இரண்டிலும் சின்ன எழுத்தில் டைக்ளோஃபெனாக், 50 மில்லிகிராம். நாளைக்கு 150 தான் உச்ச அளவு. அக்கா 250 தின்று கொண்டிருந்தார். அதன்மேல் இரவுச் சந்தையில் வாங்கிய மூட்டு வலி ஜாமு வேறு, பதிவு எண் இல்லாத பொட்டலத்தில். மூன்றும் வேறு வேறு என்றுதான் அவர் நினைத்திருந்தார். நிறம் வேறு, பெட்டி வேறு, வாங்கிய இடம் வேறு!

வயிற்றில் புண் வந்து இரத்தம் கசிந்திருக்கிறது. ஒரு வாரமாக மலம் தார் போலக் கறுத்துப் போனதை, சாப்பிட்ட கீரை என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. மூன்று பை இரத்தம் ஏற்றினார்கள்; குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணை அடைத்தார்கள். சிறுநீரகக் கணக்கும் ஏறியிருந்தது; மருந்துகளை நிறுத்தியபின் மெல்ல இறங்கியது. பிழைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டர் மகளிடம் சொன்னாராம். அதை அவள் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை.

மலம் தார் போலக் கறுத்தால், வாந்தியில் காப்பித்தூள் போல வந்தால், அன்றே ஆஸ்பத்திரி. இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வயிற்றைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் நம்மிடம் உலவுகின்றன. சாப்பாட்டுக்குப் பின் தின்றால் ஒன்றும் செய்யாது என்பது ஒன்று. நெஞ்செரிச்சல் குறையலாம், புண் வராது என்று சொல்ல முடியாது. மருந்து இரத்தத்தில் கலந்து பூச்சைக் கெடுப்பதால், சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் வேலையைச் செய்யும். ஊசி போட்டுக்கொண்டால் வயிறு தப்பும் என்பது மற்றொன்று. கையில் குத்தினாலும் அது இரத்தத்துக்குத்தானே போகிறது? முன்பு புண் வந்தவர்கள், வயதானவர்கள், இரத்தம் இளக மருந்து சாப்பிடுகிறவர்கள் அவசியம் வலி மருந்து எடுக்க வேண்டியிருந்தால், ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சேர்த்துத் தரச் சொல்லி டாக்டரைக் கேட்கலாம்.

இதயமும் இதில் மாட்டிக்கொள்கிறது. வயிற்றைக் கெடுக்காது என்று கொண்டாடிய வையாக்ஸ் என்ற மருந்து, மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. பழைய மருந்தான டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான் என்று 2013இல் வெளிவந்த பெரிய தொகுப்பு சொன்னது: ஆயிரம் பேர் ஓராண்டு முழுதும் உயர்ந்த அளவில் தின்றால், மூன்று பேருக்குக் கூடுதலாக மாரடைப்பு போன்ற பெரிய கேடு வரும். மூன்று நாள் தின்கிறவர்கள் இதற்காக நடுங்க வேண்டாம். மாதக்கணக்கில் தின்கிறவர்கள் யோசிக்க வேண்டும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது சிறுநீரகம். நம் நாட்டில் 2011இல் நூறு பெரியவர்களில் 9 பேருக்கு இருந்த நாட்பட்ட சிறுநீரக நோய், 2018இல் 15 பேருக்கு என்று ஆகியிருந்தது. சர்க்கரையும் அழுத்தமும் முதற்காரணங்கள். இந்தியர்களிடம் சர்க்கரை மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதும் சுகாதார அமைச்சின் ஆய்வுகளில் தெரிந்த கதைதான். அப்படிப்பட்ட உடம்பு, வெயிலில் வேர்த்து நீர் வற்றியிருக்கும்போது, வலி மாத்திரையும் போய்ச் சிறுநீரகத்தின் இரத்த வழியை அடைத்தால் என்ன ஆகும்? பெரிண்டோபிரில் போன்ற அழுத்த மாத்திரையும், சிறுநீர் போக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் இதை மூன்றாவதாகச் சேர்க்கவே கூடாது. மத்திய அமெரிக்காவில் நிகராகுவா, எல் சல்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோய் இல்லாத இளம் தொழிலாளர்களே ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் கெட்டு இறந்திருக்கிறார்கள். வெயிலும் நீர் வற்றுதலும் முதல் சந்தேகம். வேலையை முடிக்கத் தின்னும் வலி மாத்திரையையும் ஆராய்ச்சியாளர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அங்கே இப்போது தண்ணீர், நிழல், இடையிடையே ஓய்வு என்று திட்டம் போட்டு வேலை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். நம் நிர்வாகங்களும் பார்க்கலாம்.

இந்தியாவில் கழுகுகள் அழிந்த கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிணந்தின்னிக் கழுகுகளில் ஓர் இனம், 1990களில் தொடங்கிச் சுமார் பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 99க்கும் மேல் மறைந்துபோனது. காரணம் 2004இல் தெரிந்தது: வலிக்காக மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக். அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலற்றுப் போயிற்று. 2006இல் இந்தியா மாட்டுக்கு அதைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் நீலகிரிப் பக்கம் மோயாறு பள்ளத்தாக்கில்தான் இப்போது கழுகுகள் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன. மனிதன் கழுகல்ல, நமக்கு அந்த மருந்து அவ்வளவு கொடியதல்ல. ஆனாலும் எந்த உறுப்பைத் தொடும் மருந்து அது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த ஜாமுவுக்கு வருவோம். வேர், இலை மருந்தென்றால் கெடுதலில்லை என்று நம் பாட்டிமார்கள் நம்புகிறார்கள். நேர்மையாகச் செய்த கை மருந்தை நான் பழிக்கவில்லை. ஆனால் "ஒரே நாளில் வலி பறந்துவிடும்" என்று விற்கும் பொட்டலத்தைச் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டவற்றில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டையும், டைக்ளோஃபெனாக்கையும் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதை நம் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. 2022இல் அமெரிக்காவிலும் ஆர்ட்ரி கிங் என்ற மூட்டு வலிச் சத்து மருந்தில் இதே இரண்டும் அகப்பட்டன. ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுப் புண்ணுக்கு இரட்டை வழி. மாதக்கணக்கில் தின்றவர்களுக்கு முகம் நிலா போல உப்பும், சர்க்கரை ஏறும். அதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

நம் நாட்டில் பதிவான மருந்தென்றால் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தும், எட்டு எண்ணும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்தாக இருந்தால் அந்தக் கடைசி எழுத்து டி. பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டு வில்லையும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாததை இரவுச் சந்தையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. டைக்ளோஃபெனாக் களிம்பாகவும் வருகிறது. தடவினால் இரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். வயிறும் சிறுநீரகமும் பெரும்பாலும் தப்பும். தேய்ந்த முழங்காலுக்குச் சில வாரங்கள் விடாமல் தடவியவர்களில் நூற்றுக்கு 60 பேர் நல்ல குணம் கண்டார்கள். மருந்தில்லாக் களிம்பைத் தடவியவர்களிலும் 50 பேர் கண்டார்கள் என்பது வேடிக்கை. தேய்த்துவிடும் கைக்கும் ஒரு பலன் இருக்கிறது போலும்.

காய்ச்சலைச் சொல்லாமல் விடக் கூடாது. மழைக்காலம் முடிந்து அல்லூரில் தண்ணீர் தேங்கினால் நம் பக்கம் டெங்கி வரும். 2019இல் நாடு முழுதும் 1,30,000 பேருக்கு மேல் கண்டது. 182 பேர் இறந்தார்கள். டெங்கியில் எலும்பெல்லாம் நொறுங்குவது போல வலிக்கும். உடனே பொன்ஸ்டான் தேடுவார்கள். அப்போது இரத்தம் உறையும் சக்தி ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்தக் குடும்பத்து மருந்து எதுவும் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். டெங்கி இல்லை என்று இரத்தம் சோதித்துத் தெரியும் வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். பொன்ஸ்டான் வேண்டாம், புருஃபென் வேண்டாம், வலிக்கென்று ஆஸ்பிரினும் வேண்டாம். கார்டிப்ரின் சாப்பிடுகிறவர்கள் காய்ச்சல் கண்டதுமே அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்" என்று சுகாதார அமைச்சு 2007இல் ஓர் இயக்கம் தொடங்கியது. அது லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளைப் பெரியவர்கள் முன்னால் வைத்து, சின்ன எழுத்துப் பெயரை மட்டும் நோட்டில் தமிழில் எழுதி வர வேண்டும். மாத்திரையைத் தொடக் கூடாது. மறுநாள் டைக்ளோஃபெனாக் ஐந்து விதமாக எழுதப்பட்டு வந்தது. எழுத்துப் பிழையை நான் திருத்தவில்லை. இருபத்திரண்டு வீட்டில் மூன்று வீடுகளில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது. பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

ஒரு பையன் மட்டும் வெறும் நோட்டோடு வந்தான். பாட்டி ஒவ்வொரு மாத்திரையையும் கத்தரிக்கோலால் தனித்தனியாக வெட்டி வைத்திருக்கிறாராம். எதிலும் முழுப் பெயர் இல்லை. "டீச்சர், பாதி எழுத்துதான் தெரியுது" என்றான். அவற்றைத் தின்ன வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்லச் சொன்னேன். சனிக்கிழமை அவன் அப்பா மோட்டாரில் பட்டணம் போகும்போது, துண்டுகள் அத்தனையையும் ஓர் உறையில் போட்டு மருந்தாளரிடம் காட்டுவதாக ஏற்பாடு.